கல்லாவில் உட்கார்ந்தவர் அண்ணாச்சி

தூத்துக்குடி,
1944 ஆவணி.

புதுக்கோட்டை மச்சான் வீரபாகு அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் தங்கையைக் கட்டிக்கொண்ட சிவனணைந்தபெருமாள் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே என் இடது காலைத் தவிர எல்லோரும் சுகம். அங்கே பெரியவர், சிறியவர், பசுமாடு உட்பட அனைவர் சுகத்துக்கும் எழுதவும். நிற்க என்று எழுத வருகிறது, நிற்கத்தான் முடியவில்லை.

கருப்பட்டிக் கொட்டானை இறக்கப் பரணில் ஏறி நான் விழுந்ததும், காலுக்குக் கட்டுப் போட்டதும் தங்களுக்குத் தெரிந்ததே. கடைக் கல்லாவில் வேற்றாள் உட்காரக் கூடாது என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன், அதனால் தங்கள் தங்கை போய் உட்கார்ந்தாள், அன்றைக்குப் பிடித்தது சனியன். துறைமுகத்து ஆட்களுக்கு அவளை என்னவென்று கூப்பிடுவது என்று தெரியவில்லை. கடைக்காரியை, வீட்டுப் பெண்டுகளைக் கூப்பிடுவதுபோல் ஏளா என்று கூப்பிட முடியுமா? அம்மா என்றவன் உரிமையோடு கொசுறு கேட்டான். அக்கா என்றவன் குடும்பக் கதையைச் சொல்லிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டான். கடைசியில் தோணிக்கார ரோச், கல்லாவில் இருப்பது யாரானாலும் அண்ணாச்சிதானே என்று முடிவு கட்டி, அண்ணாச்சி, கயிறு வேணும் என்றிருக்கிறான். அவளும் கூசாமல் அளந்து கொடுத்துவிட்டாள். இப்போது கடற்கரை முழுக்க அவள்தான் அண்ணாச்சி.

இதைச் சிரித்துக்கொண்டே வந்து சொன்னவர் கருப்பட்டி வாங்க வரும் காயல்பட்டினத்து வியாபாரி மூஸா நெய்னா. அவர் விலை பேசியபோது இவள், "வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்லுதேன்" என்றாளாம். வீட்ல என்றால் நான். பெஞ்சாதி பேரைச் சொல்லக் கூச்சப்பட்டு ஆம்பிளைகள் நாம் காலங்காலமாகச் சொல்லுகிற வார்த்தை அல்லவா மச்சான் அது? நான் எப்படி வீட்ல ஆவேன்? வீட்டில்தான் கிடக்கிறேன் என்பது வேறு விஷயம்.

அடுத்த வீட்டுப் பேச்சித்தாய் முன்பெல்லாம் என்னைக் கண்டால் கதவுக்குப் பின்னால் போய் நிற்பாள். இப்போது முறத்தோடு வந்து உட்கார்ந்து, மருமகள் செய்த அநியாயம் ஒன்று விடாமல் என்னிடம் சொல்லுகிறாள். நேற்றுக் கதை சூட்டில், "ஏளா, அந்தக் கீரைய இங்கன தள்ளு" என்றுவிட்டாள். சொன்னது அவளுக்கே தெரியவில்லை. நானும் தள்ளிவிட்டேன், மருமகள் அப்புறம் என்ன செய்தாள் என்று கேட்க வேண்டியிருந்தது.

கட்டுப் பிரித்ததும் கம்பை ஊன்றிக்கொண்டு கடைக்குப் போய் என் இடத்தில் உட்கார்ந்தேன். ரோச் வந்தான். என்னை மேலும் கீழும் பார்த்து, "அண்ணாச்சி இல்லியா?" என்றான். நான்தான் இருக்கிறேனே என்றேன். சரி, அவுக வரட்டும் என்று போயே போய்விட்டான். இத்தனை வருஷம் நான் சம்பாதித்த பேர் மச்சான் அது. என் கடையில் நானே யாரோ ஆகிவிட்டேன், மனசு ஆறவே இல்லை. ஆகையால் தாங்கள் உடனே புறப்பட்டு வந்து, அண்ணன் என்கிற முறையில் கண்டித்து, அவளை அடுப்படிக்கே திருப்பி அனுப்ப வேண்டியது.

பெரியவர்களுக்கு என் கும்பிடும் பிள்ளைகளுக்கு என் ஆசியும் பங்கிட்டுக் கொடுக்கவும். திருச்செந்தூரான் எல்லோரையும், முக்கியமாக என்னை, காக்கட்டும்.

இப்படிக்கு,
கடை முதலாளி
சிவனணைந்தபெருமாள்

பி.கு.: உறையை ஒட்டுமுன் நேற்று ராத்திரி அவளிடமே கேட்டுவிட்டேன். நாளைக்கே கல்லாவை விட்டுவிடுகிறேன் என்றாள். நானோ சண்டைக்கு வருவாள் என்று காத்திருந்தேன். பிறகு சோற்றை வைத்துக்கொண்டே, "இத்தன வருசமா நான் வீரபாகு தங்கச்சி, ஒங்க வீட்ல, நம்ம பெரியவனுக்கு அம்மா. கடையிலதான் எனக்குன்னு ஒரு பேரு கெடச்சுது. ஆம்பிளப் பேரா இருந்தா என்ன, அது என்னையத்தான கூப்பிடுது" என்றாள். ஆகையால் மச்சான், தாங்கள் வர வேண்டாம். வந்தாலும் கடை வாசலில் நின்று ஏளா என்று கூப்பிட்டுவிட வேண்டாம். இன்று காலை நானும், கட்டின நாள் முதல் கூப்பிடாத பேரைச் சொல்லி, சந்தனமாரி என்று கூப்பிட்டுப் பார்த்தேன். அந்தப் பேரில் யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்து வாசலை எட்டிப் பார்த்தாள்.