பேய்க்கு ஒன்றரை மார்க் போட்ட கதை

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலாவது தன் வாயால் தான் மட்டும் கெட்டுத் தொலையும். நான் வாயைத் திறந்ததில் கெட்டது பக்கத்து வயல்காரரின் நாற்றங்கால்.

அப்போது எனக்கு இன்ஜினியரிங் முடிந்து வேலை கிடைக்காத பருவம். ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில் எங்கள் கிராமம். வீட்டில் கேட்டால் "கம்பெனிக்கு அப்ளிகேஷன் போட்டிருக்கேன்" என்பேன். உண்மையில் நான் ஒரு யூடியூப் சேனல் நடத்திக்கொண்டிருந்தேன். பெயர், 'கொட்டகை முதல் கன்சோல் வரை'. வெள்ளிக்கிழமை தஞ்சாவூருக்கு பஸ் ஏறி புதுப்படம் பார்ப்பது, ஞாயிற்றுக்கிழமை அதற்கு ஐந்துக்கு மார்க் போடுவது. மிச்ச நேரத்துக்கு வீடியோ கேம் உலகச் செய்திகள். எந்த கேம் தள்ளிப்போகிறது, எந்த கம்பெனி எந்த கம்பெனியை வாங்குகிறது, எவன் விலையை ஏற்றுகிறான் என்று அலசு அலசென்று அலசுவேன். (அந்த கேமெல்லாம் ஆடும் கன்சோல் என்ற சாமானை நான் அதுவரை கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்றுதான் பார்த்திருந்தேன். அதெல்லாம் ஒரு தடையா?)

சேனலுக்கு வழக்கமாக லைவில் பத்துப் பதினோரு பேர் வருவார்கள். அதில் இரண்டு பேர் நானே. ஒன்று என் லேப்டாப், இன்னொன்று அம்மாவின் போன். போதாக்குறைக்கு யாரோ ஒரு புண்ணியவான் ஒருமுறை கமெண்ட்டில், "படத்துக்கு மார்க் போடறது இருக்கட்டும், மொதல்ல மூஞ்சியக் கழுவிட்டு வாங்க" என்று எழுதிவிட்டான். அன்றிலிருந்து லைவ் ஓடும்போது கமெண்ட் தெரியாதபடி மறைத்துவிடுவேன். கலைஞனுக்கு மனசு முக்கியம் இல்லையா! எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்ற எண் மட்டும் தெரிந்தால் போதும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் அம்மாவும் நாகப்பட்டினத்தில் ஒரு சொந்தக்காரக் கல்யாண வரவேற்புக்குக் கிளம்பினார்கள். எங்கள் வாய்க்காலில் முறை வைத்துத்தான் தண்ணீர். அன்றைக்குப் பார்த்து எங்கள் முறை. விட்டால் மறுபடி எப்போது வருமோ தெரியாது. அப்பா வேறு வழியில்லாமல் மண்வெட்டியை என் கையில் கொடுத்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக.

"தண்ணி பாதி வரப்பு ஏறுனதும் மடைய அடைச்சிடு. கீழ வயல்ல கலியபெருமாள் மாமா நேத்துதான் வெத விட்டிருக்காரு. ஒரு சொட்டு அந்தப் பக்கம் போவக் கூடாது."

"தெரியும்ப்பா. நான் என்ன சின்னப் புள்ளையா?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா வானத்தைப் பார்த்தார். பஸ் ஏறிய பிறகும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி அப்பா, "மடைடா, மடை!" என்று கத்திக்கொண்டே போனார்.

விவரம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. முளை கட்டிய விதையை நாற்றங்காலில் தெளித்தால், வேர் பிடிக்கும்வரை அது சேற்றின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கும். தண்ணீர் பெருகி வந்தால் அத்தனையும் மிதந்து ஒரு மூலையில் போய் ஒதுங்கிவிடும். மறுபடி விதை ஊற வைத்து, முளை கட்டித் தெளிப்பதற்குள் சம்பா தள்ளிப்போகும். இளம்பயிர் ஐப்பசி மழையில் மாட்டும். மாமாவின் அந்த வருஷத்துச் சாப்பாடு எங்கள் வரப்பை நம்பி இருந்தது. வரப்பு என்னை நம்பி இருந்தது. நான் லைவ் போடலாம் என்று இருந்தேன்.

ஏனென்றால் எங்கள் ஊரில் வீட்டுக்குள் சிக்னல் கிடையாது. வயலில்தான் நான்கு கோடும் நிற்கும். தவிர, சாயங்கால வெயிலில் என் முகம் கொஞ்சம் நிறமாகத் தெரியும். மடையைத் திறந்துவிட்டேன். தண்ணீர் சமத்தாக வயலுக்குள் போனது. மண்வெட்டிக் காம்பைச் சேற்றில் ஊன்றி, மேலே இருந்த தகட்டில் போனைச் சாய்த்துத் துண்டால் கட்டினேன். அருமையான ஸ்டாண்டு. மடையை அடைக்க வேண்டிய ஆயுதத்தை இப்படிக் கட்டிப்போட்டுவிட்டோமே என்று எனக்குத் தோன்றவே இல்லை. வயலுக்கு முதுகைக் காட்டி வரப்பில் உட்கார்ந்தேன்.

"வணக்கம் மக்களே!"

முதலில் அந்த வாரத்துப் பேய்ப்படம். செத்துப்போன அம்மா பேயாக வந்து மகளுக்குத் தலை பின்னிவிடும் கதை. "பேய்னா பயமுறுத்தணும் மக்களே! தல பின்னி விடறதுக்குப் பேய் எதுக்கு? பியூட்டி பார்லர் போதாதா? ஒன்றரை மார்க்!" என்று அடித்துத் தள்ளினேன். அடுத்தது, ஹீரோ ஒரே மூச்சில் லாரி லாரியாக ஆட்களைத் துவைக்கும் படம். அதற்கு நாலு. (ஏன் நாலு என்று இன்றைக்குக் கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. இன்டர்வெல்லில் பப்ஸ் சூடாக இருந்தது, அதுவாக இருக்கலாம்.)

திரையின் மூலையில் எண்ணைப் பார்த்தேன். நாற்பது. எனக்குக் கண் கூசியது. கேம் செய்திக்குப் போனேன். வருஷக்கணக்காக வருகிறது வருகிறது என்று சொல்லிக்கொண்டிருந்த ஒரு பெரிய கேம் மறுபடி தள்ளிப்போயிருந்தது. அதை எடுக்கும் கம்பெனி பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பியிருந்தது. ஒரு முன்னோட்டம் மட்டும் வெளியாகியிருந்தது. அதில் ஒரு ஊரை வெள்ளம் சூழும் காட்சி.

"தண்ணியா மக்களே அது? ஜெல்லி மாதிரி ஏறுது! தண்ணி எப்படி ஏறும், எப்படி வழியும்னு எங்க டெல்டாக்காரனக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம்ல?"

எண் இருநூறைத் தாண்டியது. இவ்வளவு நாள் உலகம் என் அருமை தெரியாமல் இருந்தது, இன்றைக்குத் தெரிந்துகொண்டுவிட்டது என்று நினைத்தேன். உடம்பெல்லாம் ஜிவ்வென்று இருந்தது. முடிக்க வேண்டிய நிகழ்ச்சியை இழுத்தேன். போன மாசம் பார்த்த படம், அதற்கு முந்தின மாசம் பார்த்த படம், பார்க்காத படம் எல்லாவற்றுக்கும் மார்க் போட்டேன். திரையில் என் தோளுக்குப் பின்னால் ஏதோ தகதகவென்று மின்னியது. இன்றைக்கு லைட்டிங் அமோகம் என்று எண்ணி, தலைமுடியைக் கொஞ்சம் கோதிவிட்டுக்கொண்டேன்.

எண் எழுநூறைத் தொட்டபோது, என் காதுக்குப் பின்னால் தூரத்தில் ஓர் உருவம் தெரிந்தது. வேட்டியை மடித்துக் கட்டி, இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு, வரப்பு வரப்பாகத் தாண்டி ஓடி வந்தது.

"இதோ பாருங்க மக்களே! நம்ம ஊர் ரசிகர் ஒருத்தர் நேர்லயே ஓடி வராரு!" என்று சொல்லி, திரும்பாமலே கையை உயர்த்தி ஆட்டினேன்.

ரசிகர் பக்கத்தில் வந்ததும் பேசினார்.

"அடேய் கூறுகெட்டவனே! மடைய அடைடா!"

திரும்பினேன். வயலைக் காணவில்லை. இருந்த இடத்தில் ஒரு ஏரி இருந்தது. என் செருப்பு இரண்டும் ஜோடி பிரியாமல் மிதந்து போய்க்கொண்டிருந்தன. நடு வரப்பு ஒரு இடத்தில் உடைப்பெடுத்து, தண்ணீர் கலியபெருமாள் மாமாவின் நாற்றங்காலுக்குள் சளசளவென்று பாய்ந்துகொண்டிருந்தது. ஜெல்லி மாதிரியெல்லாம் இல்லை, நிஜத் தண்ணீர்.

மண்வெட்டியைப் பிடுங்கினேன், போனோடு சேர்த்து. முதல் வெட்டிலேயே போன் கழன்று வரப்பில் மல்லாந்து விழுந்தது. லைவ் மட்டும் நிற்கவில்லை. அதற்குப் பிறகு உலகம் பார்த்தது கொஞ்சம் வானம், குறுக்கே தாண்டும் என் கால்கள், இடையிடையே என் பரம்பரை பற்றி மாமா சொன்ன கருத்துகள். நான் வாய்க்கால் மடையை அடைப்பதற்குள் மாமா பொறுமை இழந்து அந்த உடைப்பில் தானே உட்கார்ந்துவிட்டார். முதுகால் தண்ணீரைத் தடுத்துக்கொண்டு, "மண்ணப் போடுடா! என்னையப் பாக்காத, மண்ணப் போடு!" என்றார். அவர் முதுகுக்குப் பின்னால் மண் போட்டு, மிதித்து, அவரைக் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டேன்.

அதுவரைக்கும் திட்டிக்கொண்டிருந்தவர் கீழே நாற்றங்காலைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். விதையெல்லாம் வடக்கு மூலையில் நுரையோடு ஒதுங்கிக் கிடந்தது. ஒரு பிடி அள்ளிப் பார்த்துவிட்டுப் போட்டார். வீட்டுக்கு நடந்தார். அவர் ஒரு அறை விட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். போனை எடுத்துப் பார்த்தேன். இரண்டாயிரம் பேர் அதையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். லைவை நிறுத்தியதும் அப்பாவின் அழைப்பு வந்தது.

"பந்தியில உக்காந்திருக்கேன். எதிர்ல ஒருத்தர் போனப் பாத்துப் பாத்துச் சிரிச்சாரு. எட்டிப் பாத்தேன். நம்ம வயல் மாதிரி இருக்கேன்னு நெனச்சேன். அப்பறம்தான் ஒம்மூஞ்சி தெரிஞ்சுது."

மறுநாள் காலை அப்பா என்னை முன்னால் விட்டு, பின்னால் தான் வந்து, மாமா வீட்டுக்குக் கூட்டிப்போனார். மாமா டிவிக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கண் சிவந்திருந்தது.

"தப்பு எங்க மேலதான் மாமா," என்றார் அப்பா. (ஊரில் அப்பாவுக்கும் அவர் மாமாதான், எனக்கும் மாமாதான். முறையெல்லாம் ஆராயக் கூடாது.) "எங்க நாத்தாங்கால் மேட்டுப் பக்கம் பத்திரமா இருக்கு, அதுல பாதிய நீங்க எடுத்துக்கங்க. மறுப்பு சொல்லக் கூடாது."

"அது கெடக்கட்டும்யா. நேத்து தண்ணி எப்ப என் வயல்ல எறங்குச்சுன்னு பாக்கறதுக்கு, இவன் பேசுனத மொதல்லேருந்து கடைசி வரைக்கும் முழுசா பாத்தேன்."

என் சேனலின் சரித்திரத்தில் ஒரு நிகழ்ச்சியை முழுசாகப் பார்த்த முதல் மனிதர் அவர்தான்.

"ஏன்டா, அந்தப் பேய்க்கு எப்புடிடா ஒன்றரை மார்க் போட்ட?"

எனக்குப் புரியவில்லை. அப்பாவுக்கு அதற்கும் மேல் புரியவில்லை.

"பெத்த மக தலைவிரி கோலமா திரியுதேன்னு செத்தும் வந்து பின்னி விடுறா. அவளப் போயி பார்லருங்கிற! நான் ரெண்டு வாட்டி தஞ்சாவூர் போயி பாத்தேன். ரெண்டு வாட்டியும் துண்டு நனைஞ்சு போச்சு. நாத்தாங்கால் போனதுகூட எனக்கு இவ்வளவு வலிக்கலடா."

"மாமா, விமர்சன நேர்மைன்னு ஒண்ணு இருக்கு..." என்று ஆரம்பித்தேன். அப்பா என் தொடையைக் கிள்ளினார். அந்தக் கிள்ளலில் இரண்டு மார்க் ஏறியது.

"சரி மாமா. மூன்றரை."

"நாலு."

"லாரி லாரியா அடிச்சவனுக்கே நாலுதான் மாமா. சமமாயிடும்."

"அவனுக்குக் கொறைடா!"

"போட்டாச்சு மாமா, கொறைக்க முடியாது."

மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் கைவிட்டுப் பேரம் பேசுகிற மாதிரி முகத்தைக் கல்லாக்கிக்கொண்டு இருவரும் இழுத்தோம். கடைசியில் மூன்றே முக்காலில் படிந்தது. அடுத்த ஞாயிறு லைவில் மாமாவைப் பக்கத்தில் உட்காரவைத்து அதை அறிவிக்க வேண்டும் என்பது நிபந்தனை. அப்பா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நாத்து எப்ப மாமா பறிக்கலாம்?" என்றார் பலவீனமான குரலில்.

எங்கள் நாற்றில் பாதியை அவர் வயலில் நட்டோம். நானும் நாற்றுக்கட்டு சுமந்தேன். சுமக்கும்போது மாமா, "அந்த கேம் கம்பெனிக்காரன் ஏன்டா அத்தன வருஷமா ஒண்ணையே எடுத்துக்கிட்டு இருக்கான்? நம்ம ஆத்துப் பாலம் கட்டுறவன்கிட்ட குடுத்துட்டானோ?" என்று கேட்டார். இதை அடுத்த லைவில் அவரே சொன்னார். நான் ஒரு வருஷம் அலசியதற்கு வராத சிரிப்பு அதற்கு வந்தது.

அதற்குப் பிறகு சேனல் அவருடையதாகிவிட்டது. நான் போன் பிடிக்கிறேன். எங்கள் வயல் வெள்ளக் காட்சியோ இன்றைக்கும் ஊர் ஊராகச் சுற்றுகிறது. யாரோ என் குரலை எடுத்துவிட்டு நாதஸ்வரம் போட்டிருக்கிறார்கள். அப்படித்தான் நன்றாக இருக்கிறது என்று அம்மா சொல்கிறார்.

பிறகு எனக்கு வேலை கிடைத்தது, கல்யாணமும் நடந்தது. மேளம் உச்சத்தில் இருக்க, தாலியைக் கையில் எடுத்து முதல் முடிச்சைப் போடக் குனிந்தேன். அப்போது முன் வரிசையிலிருந்து கலியபெருமாள் மாமா எழுந்து நின்று, மண்டபம் அதிரக் கத்தினார்.

"மாப்ள! மடைய அடைச்சிட்டியா?"

தாலியைப் பிடித்த கையோடு திரும்பி, பின்னால் பார்த்தேன். என் மனைவி உட்பட மண்டபமே சிரித்தது. கல்யாண வீடியோவில் அது அப்படியே இருக்கிறது. மாமா அந்தக் காட்சிக்கு நாலரை மார்க் போட்டிருக்கிறார். பேயைவிட முக்கால் மார்க் அதிகம்.