ஈரம் காயாத நாற்காலி

போர்ட் பிளேரில் பிரம்பு டீச்சருக்குப் பயப்படாத நாற்காலி ஒன்றுகூடக் கிடையாது. பெயரைக் கேட்டுப் பிள்ளைகளை விளாசுகிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். அரசுப் பள்ளியில் கணக்கு எடுக்கும் அவர், எந்தப் பிள்ளையையும் அதட்டியதுகூட இல்லை. அதட்டல் முழுவதும் வீட்டில் பிரம்பு நாற்காலி வைத்திருக்கும் எங்களைப் போன்ற பாவிகளுக்குத்தான். எங்கே ஒரு பின்னல் அறுந்தாலும் கூப்பிடாமலே வந்துவிடுவார். ஒரு நிச்சயதார்த்தத்தில், "எழுந்திரிங்க தம்பி, கைப்பிடிக் கட்டு லூஸா இருக்கு" என்று மாப்பிள்ளையையே எழுப்பி நிற்கவைத்தவர்.

அப்போது நாங்கள் ஜங்லிகாட் மேட்டில் குடியிருந்தோம். வீட்டிலிருந்து ரோட்டுக்கு இறங்க நாற்பது படி. எங்களுக்கும் மேலே, பத்துப் படி தள்ளி டீச்சர் வீடு. எனக்கு முன் குடியிருந்தவர் விட்டுப்போன ஒரு பிரம்பு நாற்காலி எங்களிடம் இருந்தது. நிறைமாதமாக இருந்த என் மனைவி செல்விக்கு இடுப்பு வலிக்காமல் உட்கார முடிந்தது அதில் மட்டும்தான்.

ஒருநாள் காலை 'டப்' என்றது. இருக்கை கிழிந்து, செல்வி அதற்குள் செருகிக்கொண்டாள். நான் சிரித்தேன். அது முதல் தப்பு. நைலான் கயிற்றால் நானே கட்டினேன். அது இரண்டாவது. அன்று சாயங்காலமே டீச்சர் வாசலில் நின்றார்.

"யாரு இதைக் கட்டுனது?"

"நான்தான் டீச்சர்."

"அரே, உக்காரவா, துணி காயப்போடவா?"

கயிற்றை அறுத்தெறிந்தார். நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காலைத் தட்டினார். வெள்ளை மாவு கொட்டியது.

"பாத்தீங்களா ஆட்டா! உள்ள வண்டு குடியிருக்கு. உங்களுக்கு முன்னாடியே வந்துருக்கு."

பழைய ஊசிக் குழலில் மண்ணெண்ணெய் ஏற்றி, துளைதுளையாகக் குத்தினார். அதைப் பார்த்த செல்வி, தனக்கே ஊசி போட்டதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அடுத்து, பிரம்பு நாரை ஊறவைக்க வேண்டும். எங்களுக்குக் குழாய்த் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும். டீச்சர் நேராகப் போய்க் குளியலறை டிரம்முக்குள் நார்க்கட்டு முழுவதையும் அமுக்கினார்.

"டீச்சர், அது குளிக்கிற தண்ணி!"

"ஒருநாள் குளிக்கலைன்னா உங்களுக்கு ஒண்ணும் ஆகாது தம்பி. ஊறலைன்னா பிரம்பு ஒடிஞ்சிடும்."

மறுநாள் அலுவலகத்தில் என் பக்கத்து மேசைக்காரர் ஜன்னலோரம் இடம் மாறிக்கொண்டார்.

தினமும் பள்ளிவிட்டு வந்து டீச்சர் பின்னுவார். நான் நுனியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். "ஒண்ணு மேல, ஒண்ணு கீழ" என்று அவர் எண்ணும்போது ஒருதடவை தும்மிவிட்டேன். நாலு வரிசையை அவிழ்த்து முதலிலிருந்து ஆரம்பித்தார். அன்றிலிருந்து தும்மல் வந்தால் வெளியே ஓடிவிடுவேன்.

சனிக்கிழமை மதியம் கடைசி முடிச்சு விழுந்தது. இருக்கை அவ்வளவு அழகு.

"நாளைக்கு இந்நேரம் வரைக்கும் யாரும் உக்காரக் கூடாது. ஈரத்துல உக்காந்தா பக்காவா தொய்ஞ்சிடும். அப்புறம் என் பேரு போச்சு!"

அவர் சொல்லி வாய் மூடவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற செல்வி, "ஏங்க, வலி வந்துருச்சு" என்றாள்.

வெளியே கொட்டும் மழை. ஆம்புலன்ஸ் ரோடு வரைக்கும்தான் வரும். பாசி பிடித்த நாற்பது படியும் வழுக்கும். செல்வியால் ஓர் அடி எடுத்துவைக்க முடியவில்லை. நான் குடையை எடுத்தேன், வைத்தேன், மறுபடி எடுத்தேன். உருப்படியாகச் செய்தது அவ்வளவுதான்.

டீச்சர் நாற்காலியை ஒருமுறை பார்த்தார். செல்வியை ஒருமுறை பார்த்தார்.

"உக்காரும்மா."

"டீச்சர், ஈரம்..."

"உக்காருங்கறேன்ல!"

அவர் போட்ட சத்தத்தில் கீழே ஸ்கூட்டர் ஒர்க்‌ஷாப்பிலிருந்து இரண்டு பேர் ஓடிவந்தார்கள். முன்பக்கம் அவர்கள், பின்பக்கம் நானும் டீச்சரும். "ஆராம் ஸே, ஆராம் ஸே!" என்று அவர்களை மெதுவாக இறங்கச் சொன்னார். என்னைப் பார்த்து, "தம்பி, அழுதுக்கிட்டே தூக்காதீங்க, படி தெரியாது" என்றார்.

பாதி வழியில் பின்னல் 'கிறீச்' என்றது. வலியிலும் செல்வி பயந்து கேட்டாள்: "அறுந்துருமா டீச்சர்?"

"நான் போட்ட பின்னல்மா. என் கை அறுந்தாலும் அது அறாது."

அறவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்த ஒரு மணி நேரத்தில் மகள் பிறந்தாள்.

ஆனால் இருக்கை நடுவில் சட்டிபோலக் குழிந்துவிட்டது. அதைப் பார்த்து டீச்சருக்குக் கண் கலங்கியது. "அவிழ்த்துட்டுத் திருப்பிப் பின்னிடறேன். பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?"

"இருக்கட்டும் டீச்சர். பாப்பா அந்தக் குழியிலதான் நல்லாத் தூங்குறா" என்றாள் செல்வி.

மூன்று வருடம் ஆகிவிட்டது. நாங்கள் அந்த நாற்காலியோடு லம்பா லைன் பகுதிக்குக் குடிமாறிவிட்டோம். ஞாயிற்றுக்கிழமைதோறும் டீச்சர் ஆட்டோவில் வந்து இறங்குகிறார். கையில் ஒரு துணிப்பை நிறையப் புதுப் பிரம்பு நார். "இன்னைக்கு அதை அவிழ்க்காம போகமாட்டேன்" என்று சொல்லிக்கொண்டேதான் உள்ளே நுழைவார். பிறகு அந்தக் குழியிலேயே உட்கார்ந்து, மகளை மடியில் வைத்துக்கொண்டு, இருட்டும்வரை அவளோடு கதை பேசுவார்.

அந்தப் பையை இன்றுவரை அவர் திறந்ததே இல்லை. நாங்களும் நினைவுபடுத்தியதில்லை.