ஆட்டுப்பால் டப்பாவும் கோடு வரை தண்ணீரும்

எங்கள் தெருக் காற்றை ஒரு பாட்டிலில் அடைத்தால், அதன் மேல் சிவப்பு லேபிள் ஒட்டி எச்சரிக்கை எழுத வேண்டியிருக்கும். அந்தக் காற்றைக் கைக்குழந்தையோடு சேர்ந்து இழுத்துக்கொண்டே, அதே குழந்தைக்காக ரசாயன வாடையே படாத ஆர்கானிக் ஆட்டுப்பால் பவுடரைத் தேடி அலைந்தவள் நான். இதை எழுதும்போதுகூடக் காது சூடாகிறது.

நான் அம்மாவானது நாற்பத்திரண்டு வயதில். அமலியைத் தத்தெடுத்தபோது அவளுக்கு மூன்று மாதம். என் கணவர் சேவியர் கப்பலில் இன்ஜினியர். குழந்தை வந்த மூன்றாம் வாரம் அவருக்குக் கப்பல் வந்துவிட்டது. அப்புறம் திருவொற்றியூரில் மூன்றாவது மாடி, நான், அமலி, ஜன்னலுக்குக் கீழே வரிசையாகக் கண்டெய்னர் லாரிகள். லாரி போகும்போதெல்லாம் மேஜை மேல் பால்பாட்டில் தானாக நகரும். அந்த வீட்டில் என்னைத் தவிர நகர்கிற இன்னொன்று அதுதான்.

இரண்டு பக்கமும் பெரியவர்கள் இல்லை. தோழிகளின் பிள்ளைகள் கல்லூரிக்குப் போய்விட்டார்கள். பால்பாட்டில் சந்தேகம் என்று கூப்பிட்டால், "அய்யோ, அதெல்லாம் மறந்தே போச்சுடி" என்று சிரித்துவிட்டு மகனின் அரியர் கதையை ஆரம்பித்தார்கள்.

அமலி அழுதாள். பாட்டிலைப் பார்த்தால் முகத்தைத் திருப்பினாள். மூன்று நாளைக்கு ஒருமுறைதான் வெளிக்குப் போனாள், அதுவும் முக்கி முனகி, முகமெல்லாம் சிவந்து. எடை நின்ற இடத்திலேயே நின்றது. அடுத்த மாதம் தத்து நிறுவனத்திலிருந்து சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து பார்ப்பார். எடை ஏறாவிட்டால் குழந்தையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று நானே ஒரு சட்டம் இயற்றி, அதற்கு நானே நடுங்கினேன். (டாக்டரிடம் போயிருக்கலாமே என்பீர்கள். போனால் சீட்டில் எழுதுவார்கள். எழுதினால் ஆதாரமாகிவிடும். அப்போதைய என் மூளை அப்படித்தான் வேலை செய்தது.)

குற்றவாளி யார்? டப்பா மேல் சிரித்துக்கொண்டிருந்த மாடுதான் என்று தீர்ப்பு எழுதினேன். என்னைச் சந்தேகிக்க வழியே இல்லை. எண்ணூர் பக்கம் ஓர் ஆலையின் ஆய்வகத்தில் நான் பத்தொன்பது வருடமாகக் கெமிஸ்ட். டப்பாவோடு வரும் ஸ்பூனைக்கூட நம்பாமல் பவுடரைத் தராசில் நிறுப்பேன். பாட்டிலில் போடுவேன். ஆறிய வெந்நீரைக் கோடு வரை ஊற்றுவேன். குனிந்து, கண்ணைக் கோட்டுக்கு நேராக வைத்து, ஒரு சொட்டு கூடாமல் குறையாமல் சரிபார்ப்பேன். இதைவிடத் துல்லியமாக இந்தியாவில் எந்தக் குழந்தைக்குப் பால் கலந்திருப்பார்கள்?

ஆகவே, ஆடு. அமலி தூங்கும் மத்தியானங்களில் இணையத்தில் பதினான்கு கம்பெனி ஆட்டுப்பால் டப்பாக்களின் படங்களைப் பார்த்து அட்டவணை போட்டேன். புரதம், கொழுப்பு, எந்த நாடு, ஆடு எந்த மலையில் மேய்கிறது, என்ன புல் தின்கிறது. ஒரு கம்பெனியின் ஆடுகளுக்குக் கோடையில் நிழற்குடை உண்டாம். என் வாழ்க்கையைவிட அது நன்றாகவே இருந்தது. புல்லைப் பற்றி விளக்கம் கேட்டு அவர்களுக்கு மெயில் அனுப்பினேன். 'எங்கள் ஆடுகள்மீது நீங்கள் காட்டும் அன்புக்கு நன்றி' என்று இயந்திரம் பதில் அனுப்பியது. அந்த வாரம் என்னிடம் அன்பாகப் பேசியது அது ஒன்றுதான். இரண்டு தடவை படித்தேன்.

உள்ளூரில் கிடைக்குமா என்று கல்மண்டபத்தில் ஒரு மருந்துக் கடையில் விசாரித்தேன்.

"ஆட்டுப்பால் பவுடரா? இன்னா மேடம், மாட்டுக்கு இன்னா கொறச்சலு?"

"ஆர்கானிக்கா வேணும்."

கடைக்காரர் கையால் வெளியே காட்டினார். "அதோ கீது பாருங்க."

எதிர்ச் சுவரில் ஓர் ஆடு கண்ணீர் அஞ்சலி போஸ்டரைக் கிழித்துத் தின்றுகொண்டிருந்தது. இறந்தவரின் மீசை வரை வந்திருந்தது. கடையே சிரித்தது. நான் அமலியை இறுக்கிக்கொண்டு ஆட்டோ ஏறினேன்.

சேவியரின் அழைப்பு விட்டுவிட்டுத்தான் கேட்கும். "நிழற்குடை ஆடா, மலை ஆடா?" என்று கேட்டேன்.

"மேரி, நீ கெமிஸ்ட். நீ பார்த்தா சரியாத்தான் இருக்கும்" என்றார். லைன் போய்விட்டது. ஒருவரை முழுசாக நம்பிவிடுவதும் ஒருவகைக் கைவிடல்தான் என்று அன்று தெரிந்தது.

நிழற்குடை ஆடு ஜெயித்தது. மூன்று டப்பா வந்தது. அதே தராசு, அதே கோடு, அதே குனிதல். நான்கு நாள் அமலி வெளிக்கே போகவில்லை. ஐந்தாம் நாள் காலை அழுவதைக்கூட நிறுத்திவிட்டு என்னை வெறுமனே பார்த்தாள். ஆதாரமாவது மண்ணாவது என்று அட்டவணை ஃபைல், தராசு, டப்பா எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு ராயபுரத்தில் ஒரு குழந்தைகள் கிளினிக்குக்கு ஓடினேன்.

டாக்டர் அம்மா அமலியின் வயிற்றை அழுத்திப் பார்த்தார். "பயப்பட ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு ஃபைலைப் புரட்டினார்.

"ஆடு எங்க மேயுதுன்னு எழுதியிருக்கீங்க. குழந்தை எவ்வளவு குடிக்குதுன்னு எங்க?"

அந்தப் பத்தி அட்டவணையில் இல்லை.

"சரி, இங்கயே ஒரு பாட்டில் கலந்து காட்டுங்க."

இதற்காகவே காத்திருந்தவள்போலத் தராசை மேஜை மேல் வைத்தேன். அறைக்குள்ளேயே பெஞ்சில் தன் முறைக்காக ஒரு பெண் மடியில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். இருபது வயதுகூட ஆகியிருக்காது. நான் தராசில் நிறுத்தேன். பாட்டிலில் பவுடரைப் போட்டேன். ஃபிளாஸ்க்கைத் திறந்தேன்.

"அக்கா! இன்னாக்கா பண்ணிகினு கீற? தண்ணி மொதல்ல ஊத்துக்கா!"

"இல்லம்மா. நான் கெமிஸ்ட். கரைசல்னா முதல்ல பொடி, அப்புறம் கோடு வரைக்கும் தண்ணி. அதான் முறை."

"அது கொயந்தக்கா. ஆசிட் இல்ல."

டாக்டர் சிரிக்காமல் இருக்கப் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது. "ரோஜா சொல்றதுதான் சரி. தண்ணிய அளந்து ஊத்திட்டு அப்புறம்தான் பவுடர். பவுடரும் இடம் அடைக்கும்ல? நீங்க ஊத்துற மாதிரி ஊத்துனா ஒவ்வொரு தடவையும் தண்ணி கொறையும். பால் கெட்டியாகி வயிறு கட்டிக்கும். மாடு ஒரு தப்பும் பண்ணல. நெஜமாவே மாட்டுப்பால் ஒத்துக்காத கொழந்தைக்குக்கூட ஆடு மாத்து கெடையாது."

டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். முதல் படமே தண்ணீர்தான். பதினான்கு டப்பாவின் முதுகையும் வரி வரியாகப் படித்தவள் நான். படங்களை மட்டும், படிக்கத் தெரியாதவர்களுக்கு என்று விட்டுவிட்டேன்.

"மொதக் கொயந்தயா?" என்றாள் ரோஜா.

"தத்து எடுத்தது" என்றேன். முன்பின் தெரியாத ஒருத்தியிடம் அந்த வார்த்தையைச் சொன்னது அதுவே முதல் தடவை. சொன்னதும், ஒன்றரை மாதமாக உள்ளே அடைத்து வைத்திருந்த எல்லாம் அந்த அறையிலேயே வெளியே வந்தது. மூக்கைச் சிந்தக் கர்ச்சீப் இல்லை. அட்டவணையின் நான்காம் பக்கத்தைக் கிழித்தேன்.

"அதுக்கு இன்னாத்துக்கு அழுவுற? என் மொதப் புள்ளைக்கு ஒரு வாரம் டயப்பர முன்ன பின்னத் திருப்பிப் போட்டுகினு கெடந்தேன். பெத்துட்டா மட்டும் கைல புக்கு குடுத்தா அனுப்புறாங்க?"

டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார். நான் ஒன்றரை மாதம் பயந்த அந்தச் சீட்டு. வெளியே வந்து படித்தேன். 'பால் கலக்கும் முறை தாய்க்கு விளக்கப்பட்டது' என்று இருந்தது. அதுவரை வந்த தத்துக் காகிதங்களிலெல்லாம் நான் விண்ணப்பதாரர்.

மறுநாள் அமலி சிரமமில்லாமல் வெளிக்குப் போனாள். (அவ்வளவு சந்தோஷமாக யாரும் துணி அலசியிருக்க மாட்டார்கள்.) சமூகப் பணியாளர் வந்தபோது எடை ஏறியிருந்தது. கேட்காமலேயே முழுக் கதையையும் ஒப்புக்கொண்டேன். அவர் சிரித்து முடித்து, டீயும் குடித்துவிட்டுப் போனார்.

இப்போது அமலிக்கு நான்கு வயது. அடிக்கடி வீட்டுக்கு வந்துபோகும் ரோஜாவின் எண் என் போனில் 'தண்ணி ரோஜா' என்று இருக்கிறது; சேவியர் கப்பலிலிருந்து பேசி முடித்தால் 'பை' சொல்வதில்லை, "தண்ணி மொதல்ல" என்கிறார். நிழற்குடை ஆட்டின் டப்பாவில் புளி இருக்கிறது. நான் ரவைக்குத் தண்ணீர் வைத்தால்கூட, அமலி ஸ்டூல் மேல் ஏறி நின்று, இடுப்பில் கை வைத்து, அச்சு அசல் ரோஜா குரலில் கேட்கிறாள்: "இன்னாக்கா பண்ணிகினு கீற?"

"அக்கா இல்லடி, அம்மா" என்று திருத்துகிறேன். அதற்கு எழுத்துப்பூர்வ ஆதாரமாக அந்த டாக்டர் சீட்டு அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது.