பூப்போட்ட பெட்ஷீட்டுக்குள் அந்தோனியார்

"இது என்ன, கதவா?" என்று கண்டக்டர் பாதித் தமிழில் கேட்டார்.

கதவு இல்லை என்பதை மட்டும் அந்தோனி தலையசைத்துச் சொன்னான். பெட்டியைக் கொழும்பில் நின்ற பதுளை பஸ்ஸின் மேல்தட்டில் வைத்துப் பார்த்தான். பாதி வெளியே நீட்டியது. இருக்கைக்குக் கீழே நுழையவில்லை. கடைசியில் அதற்கும் ஒரு டிக்கெட் வாங்கி, ஜன்னலோர இருக்கையில் உட்கார வைத்து, பக்கத்தில் தான் உட்கார்ந்தான். பூப்போட்ட பெட்ஷீட்டைப் போர்த்திக்கொண்டு, காய்ச்சல்காரனைப் போல அது ஜன்னலில் சாய்ந்திருந்தது.

அப்போதுதான் வைரவநாதன் ஏறினார்.

வைரவநாதனுக்குப் பதுளையில் எலக்ட்ரானிக்ஸ் கடை. அந்தோனி அங்கே பதினான்கு வருடமாக விற்பனையாளன். கடையில் ஒரே ஒரு சட்டம்தான் உண்டு: அங்கே வேலை செய்கிறவன் கொழும்பில் மின்சாமான் வாங்கக்கூடாது. போன வருடம் சுரேன் என்பவன் ஒரு ஃபேன் வாங்கினான். அன்றைக்கே ஃபேனோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டான்.

"கொழும்புல வாங்கினா, பழுதாகிற நேரம் கொழும்புக்குத்தான் தூக்கிட்டுப் போவணும். நம்மகிட்ட வாங்கினா ஏசுறதுக்காவது நான் இருக்கேன்ல?" என்று வாடிக்கையாளர்களுக்கு நாளொன்றுக்கு ஆறு தடவை சொல்வது அந்தோனியின் வேலை. நன்றாகச் சொல்வான்.

பெட்ஷீட்டுக்குள் இருந்தது முப்பத்திரண்டு இன்ச் டிவி.

காலையில் அவன் மச்சினி ரொஷானியைக் குவைத் விமானத்துக்கு ஏற்றிவிட்டான். பை எடை கூடிப்போனதால் அவள் கடைசி நிமிடத்தில் ஒரு பெட்ஷீட்டை உருவி அவன் கையில் திணித்துவிட்டுப் போனாள். பஸ்ஸுக்கு இரண்டரை மணி நேரம் இருந்தது. புறக்கோட்டைக் கடைத்தெருவில் சும்மா நடக்கலாம் என்றுதான் நடந்தான். ஆனால் வீட்டு டிவி செத்துப் பதினொரு நாளாகியிருந்தது. மனைவி றோசாலி பேசாமலாகியும் பதினொரு நாள். டிவி விற்கிறவன் வீட்டில் டிவி இல்லை என்று அவர்கள் குடியிருந்த தோட்டத்து லயம் முழுக்கச் சிரித்தது. தேயிலைக் கொழுந்து பறிக்கும் இடத்தில் அந்தச் சிரிப்பையெல்லாம் வாங்கிக்கொண்டு வருகிறவள் அவள்தான்.

நடைபாதைக்காரன் கூப்பிட்டான்.

"அண்ணே, இன்னிக்கி காலைல எறங்கின சரக்கு. ஒரே ஒரு பீஸ்."

"போட்டுக் காட்டு."

"சீல் ஒடைச்சா பெறுமதி போயிடுமே அண்ணே. ஒங்களுக்கு நான் சொல்லணுமா?"

இது அந்தோனியின் சொந்த வசனம். இன்னொருவன் வாயிலிருந்து கேட்டபோது உண்மையைப் போலவே இருந்தது. விலை, கடை விலையில் பாதி. வாங்கிவிட்டான்.

"யாரு, அந்தோனியா?" என்றார் பஸ்ஸில் ஏறிய வைரவநாதன்.

"ஆமாங்க மொதலாளி. மச்சினிய ஏத்திவிட வந்தேன்."

"நான் ஒரு கலியாணத்துக்கு வந்தேன்," என்றார் அவர், கேட்காமலே. பஸ்ஸின் நடுவழிக்கு அப்பால் இருந்த இருக்கையில் உட்கார்ந்தார். கையில் ஒரு சுருள் நைலான் கயிறு இருந்தது. கலியாணத்துக்குக் கயிறு எதற்கு என்று அந்தோனி கேட்கவில்லை. சம்பளம் வாங்குகிறவன் கேட்கும் கேள்வி அல்ல அது.

"அது என்ன பெட்ஷீட்டுக்குள்ள?"

பஸ் இரண்டு சிக்னல்களைத் தாண்டியது.

"படம்ங்க."

"என்ன படம்?"

"அந்தோனியார் படம். கண்ணாடி போட்டது. தோட்டத்துக் கோயிலுக்கு."

வைரவநாதன் செருப்பைக் கழற்றினார்.

அத்தோடு முடிந்திருந்தால் நல்லது. கண்டக்டர் காதில் 'அந்தோனியார்' என்ற சொல் விழுந்தது. அவர் போய் டிரைவரிடம் சொன்னார். டிரைவர் பாட்டை நிறுத்தினார். இரண்டாவது டிக்கெட்டின் காசு திரும்பி வந்தது. புனிதரிடம் கட்டணம் வாங்க கண்டக்டருக்கு மனம் வரவில்லை. பின்னிருக்கைப் பெண் தன் தலையிலிருந்த பூவை எடுத்து பெட்ஷீட்டில் செருகினாள். பெரகல சந்தியில் ஏறிய கொழுந்துக்காரப் பெண்கள் ஆளுக்கு ஒரு தடவை தொட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார்கள். ஒருத்தி கொஞ்சம் அழவும் செய்தாள்.

"அந்தோனி, காணாமப் போனதையெல்லாம் இவரு காட்டிக் குடுப்பாராமே?" என்றார் வைரவநாதன்.

"அப்படித்தான் சொல்றாங்க."

"ஆளையும் காட்டுவாரா?"

"எந்த ஆளைங்க?"

"நம்ம கடையில எவனோ ஒரு டிவியக் கீழ போட்டு ஒடைச்சிட்டு, ரைஸ் குக்கர் பெட்டிங்களுக்குப் பின்னால ஒளிச்சு வச்சிருந்தான். போன மாசம்தான் கண்டுபிடிச்சேன். ஆள் மட்டும் கெடைக்கல. கெடைச்சான்னா, சுரேனுக்கு நடந்ததெல்லாம் ஒண்ணுமே இல்லன்னு ஆயிடும்." அவர் பெட்டியைப் பார்த்துக் கைகூப்பினார். "காட்டிக் குடுங்க சாமி. நூறு மெழுகுதிரி கொளுத்துறேன்."

அந்தோனி ஜன்னல் வழியே பார்க்க விரும்பினான். ஜன்னலை அந்தோனியார் மறைத்திருந்தார்.

ஏப்ரல் மாதத்தில், மதியச் சாப்பாட்டு நேரத்தில், அந்த டிவியைக் கீழே போட்டவன் அவன்தான். யாரும் பார்க்கவில்லை. அந்தோனியாருக்கு வேண்டுதலைச் சீட்டில் எழுதிக் கொடுப்பது தோட்டத்துக் கோயில்காரர்கள் வழக்கம். அன்றைக்கு அவனும் சட்டைப்பையிலிருந்த சின்ன அந்தோனியார் ஜெபப்படத்தின் பின்னால் ஒரு வேண்டுதல் எழுதினான். காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிறவரிடம், இதை மட்டும் கண்டுபிடிக்க வேண்டாம் என்று கேட்ட ஆள் அவன் ஒருவனாகத்தான் இருப்பான். புனிதர் சொல் காப்பாற்றிவிட்டார் என்றே இதுவரை நினைத்திருந்தான்.

"அந்த டிவி இப்ப எங்கங்க?"

"அதக் கம்பனிக்கு அனுப்பியாச்சு," என்றார் வைரவநாதன். பிறகு, "ஒரு ஓரத்தத் தொறந்து கும்பிட்டுக்கவா?" என்று கையை நீட்டினார்.

"ஐயோ, மந்திரிக்காம தொறக்கக் கூடாதுங்க! பாதர் வந்து தீர்த்தம் தெளிச்சாத்தான்."

"அப்படியா," என்று வைரவநாதன் கையை எடுத்துக்கொண்டார். போனை எடுத்தார்.

பதுளையில் இறங்கியபோது அவன் தோட்டம் இருக்கும் நமுனுகுல பக்கம் போகும் கடைசி பஸ் போயிருந்தது. அந்தோனி ஆட்டோவைக் கைகாட்டினான்.

"பைத்தியமா ஒனக்கு? அந்தக் குண்டுகுழி ரோட்டுல கண்ணாடிப் படத்தக் கொண்டுபோறதா? ராவைக்குக் கடையில இருக்கட்டும். காலைல நானே வேன்ல கொண்டாந்து விடுறேன்."

"ஒங்களுக்கு எதுக்குங்க சிரமம்."

"சாமி காரியம். சிரமம்னு சொல்லாத."

பெட்டி கடைக்குள் போனது. கதவு பூட்டப்பட்டது. அந்தோனி வெறுங்கையோடு வீட்டுக்குப் போனான். புறக்கோட்டையிலிருந்தே, ஒரு சாமான் வருகிறது என்று மகளிடம் போனில் சொல்லியிருந்தான். றோசாலி லயத்து வாசலில் நின்றிருந்தாள். அவன் கைகளைப் பார்த்தாள்.

"எங்க?"

பதினொரு நாளில் அதுதான் அவளுடைய முதல் சொல்.

"கடையில இருக்கு."

"எந்தக் கடையில?"

"நம்ம கடையில."

அவள் அவனை நெடுநேரம் பார்த்தாள். பிறகு உள்ளே போய் சோற்றுப்பானையின் மூடியைத் திறந்து, மூடினாள். பன்னிரண்டாம் நாள் தொடங்கிவிட்டது.

காலையில் அந்தோனி சுவரிலிருந்த அந்தோனியார் படத்தைக் கழற்றினான். காலண்டர் அளவுதான் இருந்தது. அவன் திட்டம் எளிமையானது. கடையைத் திறப்பவள் கேஷியர் றிப்தா. நல்ல பிள்ளை, எதையும் கேட்க மாட்டாள். முதலாளி ஒன்பது மணிக்கு முன் வரமாட்டார். அதற்குள் டிவியைப் பின்னறைக்கு மாற்றி, பெட்ஷீட்டுக்குள் இந்தப் படத்தை வைத்துவிடலாம். படம் எப்படி இப்படிச் சுருங்கியது என்று கேட்டால், அதை அப்போது யோசிக்கலாம்.

ஏழே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தான். வைரவநாதன் வேட்டியில் நின்றிருந்தார். அவர் மனைவி புஷ்பம் பெட்டிக்கு மாலை போட்டு, குத்துவிளக்கு ஏற்றியிருந்தார். பெட்ஷீட்டின் நடுவில் சந்தனம். வாசலில் பக்கத்துக் கடைக்காரர்கள் நின்றார்கள். சாம்பிராணிப் புகைக்குள் றிப்தா இருமிக்கொண்டிருந்தாள்.

"அது என்ன கக்கத்துல?" என்றார் வைரவநாதன்.

"இதுவும் அந்தோனியார்தாங்க."

"பெரியவருக்குத் துணைக்கா? வை, வை. பக்கத்துல வை."

புஷ்பம் அதற்கும் ஒரு பூ வைத்தார்.

"மொதலாளி, நேரமாச்சு. நான் இப்படியே ஆட்டோவுல..."

"அவசரப்படாத. பாதர் வந்துட்டார்."

பங்குத்தந்தை ஷெல்டன் தீர்த்தக் குப்பியோடு வந்தார். மாலை, விளக்கு, கூட்டம் எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"நம்ம கோயிலுக்குப் படமா அந்தோனி? மொதலாளி போன் பண்ற வரைக்கும் எனக்கு யாரும் சொல்லலியே."

"ஆச்சரியமா இருக்கட்டும்னுதான் பாதர்."

"ஆச்சரியமாத்தான் இருக்கு."

அவர் ஜெபம் சொன்னார். தீர்த்தம் தெளித்தார். பெட்ஷீட்டின் நுனியைப் பிடித்து இழுத்தார். மாலையும் சந்தனமும் அதோடு சேர்ந்து விழுந்தன.

முப்பத்திரண்டு இன்ச் என்று பெட்டியில் பெரிதாக எழுதியிருந்தது.

தெருவில் ஒரு பஸ் போனது. பாதர் குப்பியை மெதுவாக மூடினார். வாசலில் நின்றவர்கள், தங்களுக்கு வேலை இருப்பது நினைவுக்கு வந்தவர்களாக, ஒருவர் பின் ஒருவராக நகர்ந்தார்கள்.

"புறக்கோட்டையில வாங்கினேங்க," என்றான் அந்தோனி. "நடைபாதையில. பதினாலு வருசமா நான் சொன்னதெல்லாம் எனக்கே ஞாபகம் வரலங்க. கணக்கு முடிச்சு அனுப்பிடுங்க மொதலாளி."

வைரவநாதன் குனிந்து பெட்டியின் இடது மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே நசுங்கியிருந்தது. சுற்றிலும் கயிறு இறுக்கிய தடம் இருந்தது.

"யாருகிட்ட வாங்கின?"

"பச்சைக் குடைக்குக் கீழ ஒருத்தன். கன்னத்துல மச்சம்."

"எவ்வளவுக்கு?"

அந்தோனி சொன்னான்.

வைரவநாதன் அப்படியே ஒரு வாஷிங் மெஷின் மேல் உட்கார்ந்தார்.

"அடப்பாவி. எனக்கு அதுல கால்வாசிதானே குடுத்தான்!"

புஷ்பம் நிமிர்ந்து பார்த்தார். "கலியாண வீடுன்னுதானே போனீங்க?"

"கம்பனிக்காரன் எடுக்க மாட்டேன்னுட்டான் புஷ்பம். ஒடைஞ்சதுன்னு சொல்லித்தான் வித்தேன், பார்ட்ஸுக்கு. அவன் புது டேப் ஒட்டி..." அவர் பாதரைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அந்தோனிக்கு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விளங்கியது. அது எந்த டிவி என்பது விளங்கியது. பணம் போய்விட்டது என்பது விளங்கியது. ஆனால் முதலாளியின் முகத்தில் கோபம் இல்லை, வெட்கம் இருந்தது என்பதும் விளங்கியது. பதினான்கு வருடத்தில் அவன் அதைப் பார்த்ததில்லை.

"அந்தோனி."

"சொல்லுங்க மொதலாளி."

"நான் கொழும்புக்குப் போகல. நீயும் எதையும் வாங்கல. சரியா? இத இத்தோட விட்டுருவோம்."

"சரிங்க."

"ஒன் வேலைக்கு ஒண்ணும் வராது. றோசாலிக்கு நான் ஒரு நல்ல டிவி தாரேன், வாங்கின வெலைக்கே. நீ என்ன செய்வ பாவம். தப்பு ஒன்மேல இல்ல, என்மேலயும் இல்ல. எல்லாத்துக்கும் காரணம் இதக் கீழ போட்ட அந்த நாய்தான்."

"ஆமாங்க," என்றான் அந்தோனி. கண் கலங்கிவிட்டது. "அவன் மட்டும் கெடைக்கணுங்க மொதலாளி."

"கெடைப்பான். நேர்ந்திருக்கேன்ல?"

பாதர் ஷெல்டன், தான் இன்னும் இங்கே நிற்க வேண்டுமா என்ற முகத்தோடு நின்றார். புஷ்பம் விளக்கை அணைத்தார். பெட்டியைப் பின்னறையில் போடச் சொன்னார் வைரவநாதன்.

"அதுக்கு முன்னுக்கு ஸ்க்ரீன் எவ்வளவு வெடிச்சிருக்குன்னு பாப்பமே," என்று றிப்தா கத்தரிக்கோலால் அடிப்பக்கத்து டேப்பைக் கிழித்தாள்.

அப்போதுதான் அந்தோனிக்கு, ஏப்ரல் மாதத்து ஜெபப்படத்தைத் தான் எங்கே செருகினோம் என்பது ஞாபகம் வந்தது.

"வேணாம்மா! தொறக்க வேணாம்!"

அவள் டிவியை உருவிவிட்டிருந்தாள். டிவியைத் தாங்கிய வெள்ளை ரெஜிஃபோம் அட்டைக்கு அடியிலிருந்து ஏதோ ஒன்று தரையில் விழுந்தது. றிப்தா குனிந்து எடுத்தாள். அவள் முகம் மலர்ந்தது.

"மொதலாளி, அண்ணன் பொய் சொல்லல! உள்ளுக்கு உண்மையாவே அந்தோனியார் படம் இருக்கு. பின்னால எழுதியும் இருக்கு, வாசிக்கவா? 'இத நான்தான் போட்டு ஒடைச்சேன்னு மொதலாளிக்குத் தெரியாமப் பாத்துக்கங்க. இப்படிக்கு, உங்க பேரையே வச்சிருக்கிற அந்தோனி.'"