லிங்கன் ஒருவரையும் விளிக்கவில்லை

டோர்செட் பார்க்

றிச்மண்ட் ஹில் வாழ் பெருமதிப்புக்குரியவரும், எமது பழைய மாணவர் சங்கத்தின் முன்னாள் பொருளாளரும், எந்தச் சபையிலும் முன்வரிசைக்கு உரியவருமான இராசரத்தினம் அத்தான் அவர்களுக்கு,

நானும் உங்கள் தங்கச்சி பேபியும் சுகம். பிள்ளையார் அருளால் உங்கள் இரத்த அழுத்தமும் இறங்கியிருக்கும் என்று நம்புகிறேன்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். ஆண்டு விழாவை ஸ்காபறோவில் வைப்பதா மிசிசாகாவில் வைப்பதா என்று சங்கம் இரண்டாகப் பிளந்து, ஒரு பகுதி மறுபகுதியின் செத்தவீட்டுக்கும் போகாத நிலையில்தான் நான் தலைவரானேன். கடைசியில் ஸ்காபறோவில் நடந்த விழாவில் பேசுவதற்காக, உள்நாட்டுப் போர்க்காலத்தில் ஒரு தலைவர் எப்படிப் பேசினார் என்று தேடினேன். லிங்கனின் கெற்றிஸ்பேர்க் உரை கிடைத்தது. அவருக்கு முன் பேசியவர் இரண்டு மணித்தியாலம் பேசினாராம். அதில் ஒரு வரியும் இன்று ஒருவருக்கும் தெரியாது. லிங்கன் பேசியது சில நிமிடம். ‘மக்களுடைய, மக்களால், மக்களுக்கான’ என்பதை நாங்கள் பள்ளிக்கூடத்திலேயே பாடமாக்கினோம். அவர் ‘அவர்களே, அவர்களே’ என்று ஒருவரையும் விளிக்கவில்லை. நானும் விட்டேன். அங்கேதான் பிழைத்தது அத்தான்.

எண்பத்தேழு ஆண்டுகளை அவர் ‘நான்கு இருபதும் ஏழும்’ என்று சொன்ன அழகில் மயங்கி, ‘மூன்று பத்தும் ஐந்தும் ஆண்டுகளுக்கு முன்னர் எமது சங்கம்’ என்று தொடங்கினேன். “முப்பத்தஞ்சு எண்டு சொல்லன் தியாகு, என்ன, மீன் ஏலம் கூறுறியே?” என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். நான் நிறுத்தவில்லை. ‘நாம் இங்கே சொல்வதை உலகம் அதிகம் கவனிக்காது, நெடுநாள் நினைவிலும் வைத்திருக்காது’ என்ற வரியையும் சொல்லிவிட்டு இறங்கினேன். ஸ்காபறோ நன்றாகக் கவனித்திருக்கிறது. மேடையிலிருந்தவர்கள் தங்கள் பெயர் வரும், எழும்பிக் கும்பிடலாம் என்று ஆயத்தமாக இருந்தார்கள். ஒருவர் அரைவாசி எழும்பியே விட்டார். கொத்துரொட்டி வர முன்னமே மேடை முழுவதும் வெளியேறியது, நீங்களும் போனீர்கள். ஒரு நன்மையும் உண்டு: ஸ்காபறோப் பகுதியும் மிசிசாகாப் பகுதியும் ஒன்றாகிவிட்டன, எனக்கு எதிராக.

கார்க் கதவைச் சாத்த முன்னமே பேபி தொடங்கினா. “மற்றவையை விடுங்கோ, அண்ணையின்ர பேரையாவது சொல்லியிருக்கலாமே? இனித் துர்க்காவின்ர கலியாணத்தில தாய்மாமன்ர இடத்தில ஆர் நிக்கிறது, உங்கட லிங்கனே?”

அத்தான், மகளின் கலியாணம் வாற மாதம். தாய்மாமனாக நிற்க உங்களை விட்டால் இந்த நாட்டில் எனக்கு வேறு ஆளில்லை. கோபத்தை விட்டிட்டு வாங்கோ. அண்டைக்கு மைக்கில முதற்பெயர் உங்கட பெயர்தான். தேவையெண்டால் இரண்டுதரம் சொல்லுறன்.

உங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கமும் சின்னவர்களுக்கு அன்பும் சேரட்டும்.

இப்படிக்கு,
இன்னும் தலைவராக இருக்கும்
தியாகலிங்கம்

பி.கு.: சுருக்கம் கருதி, மேலே பெயரையும், ‘அத்தான்’ வந்த இடமெல்லாம் ‘அண்ணை’ என்றும் மாற்றி, இதே கடிதத்தை மேடையிலிருந்த மற்றவர்களுக்கும் நேற்றே ஈமெயிலில் அனுப்பினேன். துர்க்காவின் கலியாணம் பற்றிய பந்தியைக் கடிதத்திலிருந்து வெட்ட மறந்துபோனேன். பேபி சொன்ன அண்ணை தான்தான் என்று மன்னார் இக்னேசியஸ் அண்ணை கண்கலங்கி ஓம் எண்டிட்டார். பட்டுவேட்டியும் எடுத்தாச்சாம். இன்னும் இரண்டு பேர், மாமன் எந்தப் பக்கம் நிக்கிறது எண்டு கேட்டு எழுதியிருக்கினம். கெதியா வாங்கோ அத்தான்.