இருபத்தாறாம் திகதிப் பயணம்

கடவுச்சீட்டு அலுமாரிக்குள் இல்லை.

பரமநாதன் இரண்டாந்தரமும் தேடினார். சண்டைக் காலத்தில் ஊர் ஊராக அக்கா தூக்கிக்கொண்டு ஓடிய பச்சைப் பைக்குள் காணி உறுதி இருந்தது, பிறப்புச் சான்றிதழ்கள் இருந்தன. நோர்வேக் கடவுச்சீட்டு மட்டும் இல்லை. வந்திறங்கிய அன்றே, "உதைத் தா, கண்ட இடத்திலயும் போட்டிடுவாய்" என்று வாங்கி வைத்தவள் அக்காதான்.

கிணற்றடியில் வாளிச் சத்தம் நின்றது. பாவம் மனுசன், அலுமாரியைப் பூட்டி, சாவியை ஆணியில் கொழுவிவிட்டு, ஒன்றும் அறியாதவர்போலக் கதிரையில் வந்து இருந்தார்.

தலையைத் துவட்டிக்கொண்டே வந்த பரமேஸ்வரி, சாவியை எடுத்து இடுப்பில் செருகினாள். பிறகு வழக்கமான கேள்வி.

"தம்பி, பயணம் இருபத்தாறுதானே?"

"ஓம் அக்கா."

"ம்." கலண்டரைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

முப்பது நாள் விசாவில் வந்தவர். இன்னும் ஐந்தே நாள். மனைவி காலமானபிறகு ஒஸ்லோவில் அவரோடு கதைப்பதற்கு ரீவி மட்டும்தான். இங்கே கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீர் பாய்ந்து, வயல் கதிர் தள்ளி நிற்கிறது. அரிவு வெட்டு வரைக்கும் நிற்க அவருக்கு ஆசை. ஆனால் பாருங்கோ, விடிந்தால் பயணத் திகதி கேட்கிறவளிடம், "இன்னும் கொஞ்சம் நிக்கட்டோ?" என்று எப்படிக் கேட்பது? விசாவை ஒளித்து நீட்டிவிட்டு, "அவங்களாத்தான் நீட்டிப்போட்டாங்கள்" என்று சொல்லிவிடலாம் என்றிருந்தார்.

வேலிக்கு அங்கால் உழவு மிசின் கழுவிக்கொண்டிருந்த தனஞ்சயனிடம் மெல்லச் சொன்னார்.

"துலைஞ்சதெண்டா பொலிசில போய் எழுதிக் குடுங்கோ அண்ணை. அந்தத் துண்டு இல்லாட்டி விசாவைப் பற்றிக் கதைக்கவே ஏலாது."

போனார். சார்ஜன் பேனையை எடுத்தார்.

"எங்க துலைஞ்சது?"

"அலுமாரிக்குள்ள."

"பூட்டின அலுமாரியோ?"

"ஓம்."

"அப்ப துலையேல்ல ஐயா. களவு."

"ஐயோ, களவெல்லாம் இல்லை..."

"வெளிநாட்டுப் பாஸ்போட். சும்மா விடேலாது. ஜீப்பில ஏறுங்கோ."

ஜீப் ஒழுங்கைக்குள் திரும்பும்போதே சனம் கூடிவிட்டது.

"நோர்வேக்காரரைப் பிடிச்சுக்கொண்டு வாறாங்கள்! விசா இல்லாமல் ஒளிச்சு நிண்டவராம்!"

தனஞ்சயனுக்குப் பொறுக்கவில்லை. "விசர்க்கதை கதையாதேங்கோ! வீட்டுக்குள்ள ஆரோ களவெடுத்திட்டினம்!" என்று கத்தினான். வீட்டுக்குள் இருப்பது அக்கா ஒருத்திதான்.

"அலுமாரிச் சாவி ஆரிட்ட?" என்றார் சார்ஜன்.

"என்னட்டத்தான். வேற ஆர் திறக்கிறது?" பரமேஸ்வரி இடுப்பிலிருந்து சாவியை எடுத்து நீட்டினாள். பிறகு தம்பியைப் பார்த்தாள். "உள்ள இல்லையெண்டு நீ எப்பிடி அறிஞ்சனி?"

"நீங்கள்... குளிக்கேக்க..."

"என்ர அலுமாரியைத் திறந்தனியோ? திறந்து பாத்திட்டு, நான்தான் கள்ளியெண்டு பொலிசைக் கூட்டி வந்தனியோ, பரமா?"

குரல் உடைந்துபோயிற்று. முப்பத்தேழு வருசத்துக்குப் பிறகு கிடைத்த அக்கா, இனி வாசலிலும் ஏற்றமாட்டாள் என்று பரமநாதனுக்குப் பட்டது. சனத்தையும் பார்க்காமல் சொல்லிவிட்டார்.

"அக்கா, எனக்குப் போக விருப்பமில்லை. விசாவை நீட்டத்தான் தேடினனான். நீங்கள் ஒவ்வொரு நாளும் திகதி கேக்கேக்க, நிக்கட்டோ எண்டு கேக்க வெக்கமாக் கிடந்தது."

சார்ஜன் பேனையை மூடவில்லை.

அந்த நேரம் பார்த்து ஸ்கூட்டி ஒன்று கோர்ன் அடித்தது. சந்தியில் கொமினிக்கேசன் கடை வைத்து, ஊராரின் படிவ அலுவல்களும் பார்த்துக்கொடுக்கும் றிம்ஷா, கையில் உறையோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"பரமேஸ் அன்ரி, இந்தாங்கோ ஐயாட பாஸ்போட், விசா ரெண்டு மாசம் நீட்டியாச்சு, இனியாவது விடியக்காலமை போன் எடுத்து, இருபத்தாறுக்கு முன்னம் வந்திடுமோ வந்திடுமோ எண்டு என்ர உயிரை வாங்காதீங்கோ!"