அலமு மெஸ் இருக்கும் இடம் காலி

தார்நாகா
புதன், மாலை

அன்புள்ள பத்மநாபன் மாமாவுக்கு,

இல்லை, நான் அழிக்கவில்லை. தயவுசெய்து நன்றி சொல்லாதீர்கள்.

முதலில் நலம் விசாரிக்க வேண்டும். இங்கே நான், அம்மா, அம்மாவின் முழங்கால் வலி எல்லோரும் சௌக்கியம். அங்கே நீங்கள், அலமு மாமி, மெஸ்ஸின் கிரைண்டர் எல்லோரும் அப்படியே இருக்க வேண்டும். போனில் நான் விளக்கத் தொடங்கினாலே போனை மாமியிடம் கொடுத்துவிடுகிறீர்கள். அதனால் கடிதம்.

எங்கள் வேலை இதுதான். கூரையில் லேசர் பொருத்திய வண்டி நெடுஞ்சாலையில் ஓடும். லேசர் படும் இடமெல்லாம் ஒரு புள்ளி. கோடிக்கணக்கில் புள்ளிகள். சுவர், மின்கம்பம், கடைப் பலகை, காயும் துணி. புள்ளி இருந்தால் அங்கே ஏதோ இருக்கிறது. புள்ளி இல்லாவிட்டால் வெட்டவெளி. சாலையை அகலப்படுத்துகிறவர்கள் அதைப் பார்த்துத்தான் கோடு போடுகிறார்கள்.

போன மாதம் நீங்கள் கேட்டீர்கள். "நம்மாத்த மட்டும் அந்தப் படத்துலேர்ந்து எடுத்துடேன். கண்ணுல படலேன்னா விட்டுடுவா." முடியாது என்றேன். பிறகு வீடு தானாகவே காணாமல் போனது. எப்படி என்று சொல்கிறேன்.

அளவெடுக்க வந்த அன்று அல்வால் தாண்டி, உங்கள் வீட்டுக்குச் சற்று முன்னால் காப்பிக்காக வண்டியை நிறுத்தினோம். காப்பி வருவதற்குள் ஆரத்தித் தட்டு வந்துவிட்டது. கூரை மேல மிஷினை வெச்சுண்டு ஊரெல்லாம் சுத்தறேள், எத்தனை கண்ணு படும் என்று மாமி எலுமிச்சம்பழமும் பச்சைமிளகாயும் கோத்த சரத்தைக் கொண்டுவந்தார். வேண்டாம் மாமி என்று நான் சொல்லச் சொல்ல டிரைவர் சுனில், "கைக்கு மேடம், எதுக்கு வேணாங்கறீங்க, பெரியவங்க குடுக்கறாங்க, நக்கோ சொல்லக் கூடாது" என்று அதை வாங்கிக் கூரைக் கம்பியில் கட்டினார். நான் கீழே டிபன் டப்பாவை வாங்கிக்கொண்டு, அதில் சட்னி தனியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு இருந்துவிட்டேன், சரம் லேசருக்கு நேர் எதிரே, ஒரு முழத் தூரத்தில் தொங்கியது எனக்குத் தெரியாது, வண்டி கிளம்பியது, உங்கள் வீட்டைக் கடந்தது, அடுத்தாற்போல் ஆனந்தகுமாரின் சைக்கிள் கடைக்கு முன்னாலிருக்கும் வேகத்தடையில் ஏறி இறங்கியதும் சரம் அறுந்து விழுந்தது. வேலை முடிந்துவிட்டது. மிகப் பக்கத்தில் இருப்பதையெல்லாம் வண்டியின் பாகம் என்று நினைத்து மென்பொருள் தானே நீக்கிவிடும், ஆகவே எலுமிச்சை பதிவில் இல்லை. அதன் நிழல் மட்டும் இருக்கிறது. அந்த நிழல் சரியாக உங்கள் வீடு.

என்னோடு வேலை பார்க்கும் உமேஷ் அந்தப் புள்ளிகளை வைத்து வரைபடம் செய்து அனுப்பினான். சாலையை வடிவமைப்பவர்களுக்கு மகிழ்ச்சி. நெரிசலான பகுதியில் நல்ல காலியிடம், பஸ் நிறுத்தம் வைக்கலாம் என்று எழுதியிருந்தார்கள். மாமா, பஸ் வந்து நிற்கும் இடம் மாமியின் அடுப்பு. பயணிகளின் நிழற்குடை உங்கள் பூஜை அலமாரி.

பதறிப்போய் மாமிக்குப் போன் செய்து, வரைபடத்தில் உங்கள் வீடே இல்லை என்றேன். மீதியைச் சொல்வதற்குள் அவர் உங்களைக் கூப்பிடப் போய்விட்டார். நீங்கள் தெரு முழுக்க மைசூர்பாகு கொடுத்தீர்கள். ஆனந்தகுமார் மறுநாள் தார்நாகாவுக்கே வந்து, தன் கடையையும் அப்படியே மறைத்துத் தர முடியுமா என்று கேட்டுவிட்டுப் போனார்.

வண்டியின் பக்கவாட்டுக் கேமரா எடுத்த படங்களைத் தேடினேன். ஒன்றில் மெஸ் பலகைக்குக் குறுக்கே ஒரு பச்சைமிளகாய், பனைமரம் அளவுக்கு. அதை எடுத்துக்கொண்டு மேலதிகாரி விஸ்வநாத் சாரிடம் போனேன்.

"வண்டிய மறுபடி அனுப்பணும்னா காரணம் எழுதணும்மா. என்ன எழுதுவ?"

"பார்வைக்குத் தடைன்னு எழுதுவேன், சார்."

"என்ன தடை?"

"எலுமிச்சம்பழம்."

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "மிளகாயையும் சேத்து எழுது," என்றார். கட்டடம் இருப்பது தெரிந்தால் நிறுத்தத்தை எதிரே இருக்கும் காலி மனைக்கு மாற்றுவார்களாம். அதையும் அவர்தான் சொன்னார்.

குஷாய்குடா ஆலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் மெஸ் நடக்கும் அந்த முன்னறைதான் உங்கள் ஆபீஸ் என்று எனக்குத் தெரியும். மாமி இட்லித் தட்டை இறக்குகிறார், நீங்கள் டோக்கன் கிழிக்கிறீர்கள். அந்த அறை நிற்க வேண்டுமானால் அது தெரிய வேண்டும். நன்றாக, முழுசாக.

நாளைக் காலை வண்டி வரும். எதையும் கட்ட வேண்டாம். எதையும் மறைக்க வேண்டாம். ஆரத்தி வேண்டாம். மாமிக்கு என் நமஸ்காரம். உங்கள் இருவரின் ஆசீர்வாதமும் எப்போதும் வேண்டும், நாளை மட்டும் சற்றுத் தூரத்திலிருந்து.

இதைச் சுனிலிடம் கொடுத்தனுப்புகிறேன். அவர் வீடு அல்வாலில்தான்.

அன்புடன்,
மஹதி

பின்குறிப்பு: வியாழன். கடிதத்தைச் சுனிலிடம் கொடுக்க மறந்துவிட்டேன். ஆகவே மேலே எழுதியது எதுவும் பயன்படவில்லை. மாமி இப்போது கடிதத்தைக் கேட்கிறார், அதனால் மீதியையும் எழுதி முடிக்கிறேன்.

வண்டி மறுபடி வருவதை மட்டும் சுனில் நேற்றே உங்களிடம் சொல்லிவிட்டாராம். காலையில் வந்தால் வீட்டைக் காணோம். கூரையிலிருந்து தரை வரை சிவப்பும் நீலமுமாகக் கல்யாணப் பந்தல் துணி. பக்கத்தில் ஏணியோடு நீங்கள்.

"இந்தத் தடவையும் தெரியாது, பாத்துக்கோ."

துணிக்குப் பின்னாலிருந்து மாமி. "உள்ளே ஒரே புகையா இருக்கு. இன்னும் எவ்வளவு நேரம்டி?"

நடுச்சாலையில் நின்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். நிழல், பஸ், அடுப்பு. உங்கள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

"அப்போ தெரிஞ்சாத்தான் நல்லதா?"

"தெரிஞ்சாத்தான், மாமா."

"இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"கடிதம் எழுதினேன்."

"இந்தக் காலத்துல யாரு கடுதாசி எழுதறா? ஒரு போன் பண்ணப்படாதோ?"

பிறகு ஏணியைச் சுவரில் சாய்த்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டீர்கள். நான் ஏறி முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தேன். துணியை மடித்து மாமியிடம் கொடுத்தேன். வண்டியில் ஏறி, பின்னால் எடுத்து முதலிலிருந்து ஓட்டும்படி சுனிலிடம் சொன்னேன்.